கண்புரை அறுவை: சொட்டா, சப்-டெனானா, ஊசி பிளாக்கா?

பயிற்சி_பிஜி

பேக்கோவுக்கு (கண்புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் அறுவைக்கு) டாப்பிக்கல் (சொட்டு மருந்து), சப்-டெனான் (கண்கோளத்தைச் சுற்றிய டெனான் உறைக்குள் மழுங்கிய குழாயால் மருந்து), பெரிபல்பார் (கோளத்தைச் சுற்றி ஊசியால் மருந்து) என்ற மூன்று மரப்பு முறைகளையும் அட்டவணை போட்டுப் பார்த்தால், வலி என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் "நன்று" என்றே எழுத வேண்டியிருக்கிறது. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? சொட்டு மருந்திலேயே முடிகிற வேலைக்கு ஊசி எதற்கு? ஊசிதான் இருக்கிறதே, சிலர் ஏன் கத்தரி வைத்து வெட்டி சப்-டெனான் போடுகிறார்கள்? இடம், அளவு, தவறினால் என்ன ஆகும் என்பதோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பேக்கோப்பித்தன்

தம்பி, வலிக்கு ஒரே பத்தி போட்டதுதான் கோளாறு. அறுவையின் எந்த நிமிடத்தில் வலிக்கிறது என்று பிரித்துப் போட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

சொட்டு மருந்து கருவிழியையும் வெண்படலத்தையும் (கண்ணின் வெள்ளையை மூடிய மெல்லிய சவ்வு) நன்றாக மரக்க வைக்கும். ஆகவே கெரட்டோம் (கருவிழியை வெட்டும் கத்தி) உள்ளே போகும்போது நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. ஐரிஸ் (கண்மணியைச் சுற்றிய நிறத்திரை), சிலியரி பாடி (அதன் பின்னுள்ள தசைவளையம்) வரை அது போதிய அளவு இறங்காது. வலி வருவதும் அங்கிருந்துதான். பேக்கோ முனை உள்ளே போய் நீர் திறந்தவுடன் முன்னறை (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட அறை) திடீரென ஆழமாகும்போது, நியூக்ளியஸைச் (லென்ஸின் கெட்டியான நடுப்பகுதி) சுழற்றும்போது ஜோன்யூல்கள் (லென்ஸைத் தாங்கும் இழைகள்) இழுபட்டால், ஐரிஸைக் கருவி தொட்டால், செயற்கை லென்ஸ் உள்ளே விரியும்போது, கடைசியில் காயத்தில் நீரேற்றும்போது. இந்த ஐந்து இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி பொதுவாக "வலிக்குது" என்று சொல்வதில்லை, "உள்ளே அழுத்துது", "இழுக்குது" என்பார்கள். அது சிலியரி பாடி பேசுகிறது.

அதற்குத்தான் இன்ட்ராகேமரல், அதாவது முன்னறைக்குள்ளேயே மருந்து. பதப்படுத்தும் பொருள் சேராத 1 சதவீத லிக்னோகைன், 0.2 முதல் 0.5 மி.லி, பக்கத் துளை வழியாக, விஸ்கோ (முன்னறையைத் தாங்கி நிற்கும் கூழ்) போடுவதற்கு முன். அரை நிமிடம் விட்டுவிட்டு விஸ்கோ. ஐரிஸ் வலி பெரும்பாலும் போய்விடும், கண்மணியும் கொஞ்சம் விரியும். ஆனால் சிலியரி பாடி இழுபடுவதை இதுவும் முழுதாக அடக்காது.

நீளக் கண்களில் இன்னொன்று. நீர் திறந்ததும் ஐரிஸ் பின்னால் வளைந்து, அதன் விளிம்பு லென்ஸ் உறையின் முன்பக்கத்தில் (முன் கேப்சூலில்) வட்டமாக ஒட்டிக்கொள்ளும். முன்னறை கிணறு மாதிரி இறங்கும், நோயாளி துள்ளுவார். அதற்கு இன்னும் மருந்து ஊற்றிப் பயனில்லை. இரண்டாவது கருவியால் கண்மணி விளிம்பை ஓரிடத்தில் லேசாகத் தூக்கி, நீர் அடியில் போக வழி விட்டால் அந்த நொடியே முன்னறை சரியாகும், வலியும் நிற்கும். உள்ளே நுழையுமுன் பாட்டில் உயரத்தைக் குறைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

தியேட்டர்_சிஸ்டர்

டாக்டர் மருந்தைச் சொல்லிவிட்டார், தட்டில் நடக்கும் தவறுகளை நான் சொல்கிறேன்.

1. வரிசை. முதலில் புரோபராகைன் 0.5 சதவீதம் ஒரு சொட்டு, அரை நிமிடத்தில் பிடிக்கும். அடுத்து 5 சதவீத போவிடோன் அயோடின் கண்ணின் மேற்பரப்பில், 3 நிமிடம். அதற்கப்புறம்தான் லிக்னோகைன் ஜெல். ஜெல்லை முதலில் தடவிவிட்டு அயோடின் ஊற்றினால், ஜெல் போர்வை மாதிரி மூடிக்கொண்டு அயோடினை வெண்படலத்தில் படவிடாது. கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் ஆபத்தை நாமே கூட்டுகிறோம்.

2. வெட்டுக்கு முன் ஜெல்லை நன்றாகக் கழுவ வேண்டும். முன்னறைக்குள் போனால் அழற்சி.

3. சிறுநீர்க்குழாய் போடப் பயன்படும் ஜெல் கண்ணுக்கு ஆகாது. சிலவற்றில் குளோர்ஹெக்சிடின் இருக்கும், கருவிழியைக் கெடுத்துவிடும்.

4. 30 மி.லி பெரிய குப்பியில் வரும் லிக்னோகைனில் மெத்தில்பாரபென் என்ற பதப்படுத்தும் பொருள் இருக்கும். பிளாக்குக்கு அதை எடுக்கலாம், முன்னறைக்குள் ஒரு துளிகூடக் கூடாது. இரண்டும் "2 சதவீத லிக்னோகைன்" என்றே எழுதியிருக்கும், அவசரத்தில் கை மாறும். இன்ட்ராகேமரலுக்கு ஒருமுறைப் பயன்பாட்டு ஆம்பியூல் மட்டும்; 2 சதவீதமாக இருந்தால் சம அளவு பிஎஸ்எஸ் (கண்ணுக்கான உப்புக் கரைசல்) சேர்த்து 1 சதவீதமாக்க வேண்டும்.

5. பிளாக் சிரிஞ்சும் இன்ட்ராகேமரல் சிரிஞ்சும் ஒரே தட்டில், பெயரொட்டு இல்லாமல் கிடக்கக் கூடாது. நிறமில்லாத திரவம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நிறமுள்ளதும் நம்பத்தக்கதல்ல: கேப்சூலுக்கு நிறமூட்டும் டிரைபன் நீலத்துக்குப் பதில் மெத்திலீன் நீலம் போய்க் கருவிழி கெட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

சொட்டை அரைமணிக்கு முன்பே ஆரம்பித்து நிமிடத்துக்கு ஒன்று விடும் பழக்கமும் வேண்டாம். கருவிழி மேல்தோல் மங்கிவிடும், டாக்டருக்குக் கேப்சூல் தெரியாது. 5 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். சொட்டு விட்டபின் கண்ணை மூடச் சொல்லுங்கள், இமைக்காத கண் காய்ந்துபோகும்.

மெல்லூசி

மயக்கவியல் பக்கத்திலிருந்து. "கத்தரி எதற்கு" என்ற கேள்விக்குப் பதில்: கூர்முனை கண்குழிக்குள் போகாமல் இருக்க.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோக்கைன் கரைசலைக் கண்ணில் விட்டு மரக்கச் செய்தார். அதே ஆண்டிலேயே ஊசி வழியாகக் கண்ணுக்குப் பின்னால் கோக்கைன் செலுத்துவதும் வந்துவிட்டது. அன்று முதல் ஊசியின் பிரச்சினை ஒன்றுதான்: முனை எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சப்-டெனானில் தெரியும்.

செய்முறை. புரோபராகைன், அயோடின், ஸ்பெகுலம் (இமையை விரித்துப் பிடிக்கும் கருவி). நோயாளி மேலே, வெளிப்பக்கமாகப் பார்க்க வேண்டும். அப்போது கீழ்-மூக்குப் பக்கக் கால்வட்டம் திறந்து கிடைக்கும். லிம்பஸிலிருந்து (கருவிழியின் விளிம்பு) 5 முதல் 7 மி.மீ தள்ளி, பல்லில்லாத மூர்ஃபீல்ட்ஸ் ஃபோர்செப்ஸால் வெண்படலத்தையும் டெனான் உறையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். வெஸ்ட்காட் கத்தரியால் 2 மி.மீ அளவில் ஒரு சின்ன வெட்டு. பளிச்சென்ற வெள்ளை ஸ்க்லீரா தெரிய வேண்டும். தெரிந்தால்தான் சரியான தளம். கத்தரியை மூடியபடி உள்ளே விட்டு, லேசாகத் திறந்து வழி செய்துவிட்டு, 19 கேஜ், 25 மி.மீ வளைந்த மழுங்கிய கேனுலாவைக் கோளத்தின் வளைவை ஒட்டியே வழுக்க விடுங்கள். கோளத்தின் நடுவட்டத்தருகே ஒரு தடை வரும். தள்ளாதீர்கள். கொஞ்சம் மருந்தைச் செலுத்தினால் அதுவே வழி திறந்துகொடுக்கும். உள்ளே போனதும் 3 முதல் 5 மி.லி, மெதுவாக.

மருந்து டெனான் உறைக்குள் பரவிக் குட்டிச் சிலியரி நரம்புகளை அவை ஸ்க்லீராவுக்குள் நுழையுமிடத்திலேயே பிடித்துவிடும். அதனால் ஐரிஸும் சிலியரி பாடியும் மரத்துப்போகும். டாப்பிக்கலால் எட்ட முடியாத இடம் இதுதான். சப்-டெனானையும் சொட்டையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வுகளின் தொகுப்பில், அறுவை நேர வலி சப்-டெனானில் குறைவு என்றே வந்தது. சொட்டில் வலி சற்றுக் கூடுதல், ஆனால் பெரும்பாலோர் தாங்கக்கூடிய அளவு. உங்கள் அட்டவணையில் "நன்று" என்பதற்குள் ஒளிந்திருப்பது இந்த வித்தியாசம்.

பயிற்சி_பிஜி

நன்றி மேடம். சப்-டெனான் போடும்போது சில சமயம் வெண்படலம் பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறதே, அது ஏன்? மருந்து வெளியே வழிவதும் உண்டு.

மெல்லூசி

இரண்டும் வெட்டின் குற்றம். வெண்படலத்தை மட்டும் வெட்டி டெனானை விட்டுவிட்டால், கேனுலா தவறான தளத்தில் போகிறது. மருந்து முன்பக்கமே தேங்கி ஊதும். அந்த நிலையில் இன்னும் 2 மி.லி ஏற்றினால் மரக்காது, சர்ஜனுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். கேனுலாவை எடுத்துவிட்டு, வெட்டின் அடியில் இருக்கும் வெளிறிய சவ்வை மறுபடி பிடித்து வெட்டி ஸ்க்லீராவைப் பாருங்கள்.

வழிவது வெட்டு பெரிதானால் வரும். மெல்ல ஏற்றுங்கள், கேனுலாவைச் சுற்றி வெட்டின் விளிம்பை ஃபோர்செப்ஸால் கூட்டிப் பிடியுங்கள். ரத்தக் கசிவு கொஞ்சம் எப்போதும் இருக்கும், மறுநாள் கண் சிவந்திருக்கும் என்று நோயாளிக்கு முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்.

சப்-டெனான் வேண்டாத கண்கள்: ஏற்கெனவே பக்கிள் (விழித்திரை அறுவையில் கோளத்தைச் சுற்றி வைக்கும் பட்டை) போட்டது, அந்தக் கால்வட்டத்தில் தழும்பு உள்ளது, பிற்காலத்தில் டிரபெகுலெக்டமிக்கு (கண் அழுத்த நோய்க்கான அறுவை) வெண்படலம் தேவைப்படக்கூடியது. மழுங்கிய கேனுலா என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். தழும்பான, மெலிந்த ஸ்க்லீராவில் இதிலும் கோளம் துளைபட்டதுண்டு.

பழையகை

எல்லாரும் பேக்கோவை வைத்தே பேசுகிறீர்கள். ஸ்க்லீராவில் 6, 7 மி.மீ சுரங்கம் போட்டு நியூக்ளியஸை முழுதாக வெளியே எடுக்கும் எஸ்ஐசிஎஸ்ஸில் (சிறுவெட்டுக் கண்புரை அறுவை) சொட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேல் ரெக்டஸில் (கண்ணை மேலே திருப்பும் தசை) தையல் பிடிக்க வேண்டும், ரத்தம் நிற்கச் சுடும் காட்டரி வைக்க வேண்டும். கண் அசையக் கூடாது, இமை அழுத்தக் கூடாது. அதற்குப் பெரிபல்பார்தான் நிற்கும்.

2 சதவீத லிக்னோகைனும் 0.5 சதவீத பூபிவக்கைனும் சம அளவு, மருந்தைப் பரவச் செய்யும் ஹையலூரோனிடேஸ் நொதி சேர்த்து. 25 கேஜ், 25 மி.மீ ஊசி. கீழ் எலும்பு விளிம்பை விரலால் தொட்டு உணர்ந்து, வெளி மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில், கோளத்துக்கும் எலும்புக்கும் நடுவே, தரையை ஒட்டி நேராகப் பின்னோக்கி. மேலே, உள்ளே திருப்பக் கூடாது. உறிஞ்சிப் பார்த்துவிட்டு, 10 விநாடிக்கு 1 மி.லி என்ற வேகத்தில் 5 மி.லி. மேல் இமை மெல்ல நிரம்பிக் கீழே இறங்குவது தெரியும், அது நல்ல அறிகுறி. பிறகு 30 மி.மீ பாதரச அழுத்தத்தில் கண்ணை மேலிருந்து அழுத்தும் ஹோனன் பலூன் 10 நிமிடம். நான்கு திசையிலும் அசைவைப் பாருங்கள். எங்காவது அசைந்தால் மூக்குப் பக்கம், காரங்கிளை (கண்ணின் உள்மூலையில் உள்ள சிவந்த திரட்சி) ஒட்டி இன்னும் 2, 3 மி.லி. மேல்-மூக்குப் பக்கம் கைவைக்கவே கூடாது. டிராக்லியாவும் (கண் தசை ஒன்றின் கப்பி) ரத்தக்குழாய்களும் நெருக்கமாக இருக்கும் இடம்.

ஊசி போடும்போது நோயாளி மேலே, மூக்குப் பக்கம் பார்க்கட்டும், ஊசிக்கு இடம் கிடைக்கும்.

மெல்லூசி

சார், கடைசி வரி ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றதெல்லாம் சரி. மேலே-உள்ளே பார்க்கும் நிலை அட்கின்சன் என்ற கண் மருத்துவர் 1930-களில் சொன்னது. 1981-இல் சிடி ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தப் பார்வையில் பார்வை நரம்பு இறுகி, ஊசியின் பாதைக்கே வந்து நிற்கிறது. கோளத்தின் பின்துருவமும் கூடவே கீழே இறங்கிவிடுகிறது. நேராகப் பார்த்தால் நரம்பு தளர்ந்திருக்கும், ஊசி பட்டாலும் விலகும். ஆகவே நேர்ப்பார்வை மட்டுமே.

பழையகை

ஒப்புக்கொள்கிறேன் மேடம். கை பழகிய வழி, பேனாவிலும் வந்துவிட்டது. நேர்ப்பார்வை என்றே படிக்கவும்.

பயிற்சி_பிஜி

ஊசி தவறினால் நடப்பவற்றை வரிசையாகச் சொல்ல முடியுமா? மொத்த அளவு கூடிப்போவதுதானே பெரிய பயம்?

மெல்லூசி

இல்லை, அளவுப் பயம் இங்கே இரண்டாம்பட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.லி கலவையில் 5 மி.லி லிக்னோகைன், அதாவது 100 மி.கி, பூபிவக்கைன் 25 மி.கி. 50 கிலோ உடம்புக்கு அட்ரினலின் இல்லாத லிக்னோகைன் 225 மி.கி வரை, பூபிவக்கைன் 100 மி.கி வரை போகலாம். தனித்தனியே பார்த்தால் நாம் எதிலும் பாதியைக்கூடத் தொடவில்லை; இரண்டையும் கூட்டிப் பார்த்தாலும் எல்லைக்குள்தான். எவ்வளவு போகிறது என்பதைவிட எங்கே போகிறது என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

தமனிக்குள் போனால்: ஊசி இன்னும் கையில் இருக்கும்போதே வலிப்பு. மருந்து எதிர்த்திசையில் ஓடி மூளைக்குப் போய்விடும், 1 மி.லி கூட அதற்குத் தாராளம்.

பார்வை நரம்பின் உறைக்குள் போனால்: அது மூளைத்தண்டைச் சுற்றிய நீரோடு தொடர்புடையது. 2 முதல் 20 நிமிடத்தில் நோயாளி பதில் சொல்வது குறையும், மறுகண்ணின் பார்வை மங்கும், அந்தக் கண்மணி விரியும், பிறகு மூச்சு நிற்கும். ஆகவே பிளாக் போட்டதும் "அடுத்தவர்" என்று எழுந்து போகக் கூடாது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடித்தால் மருந்தின் வீரியம் குறைந்து நோயாளி முழுதாக மீண்டுவிடுவார். முகமூடியும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் ஊசி பிளாக் போடவே கூடாது.

கோளம் துளைபட்டால்: திடீர் கடும் வலி, கண் கல்லாகவோ தொளதொளவென்றோ ஆகும், சிவப்பு ஒளிப்பிரதிபலிப்பு மறையும். மருந்தை உடனே நிறுத்துங்கள். உள்ளே ஏறும் ஒவ்வொரு மி.லியும் துளையைவிட மோசமான சேதம். அறுவையைத் தள்ளிவைத்து விழித்திரை மருத்துவரிடம். நீளம் 26 மி.மீக்கு மேற்பட்ட கண், ஸ்டஃபிலோமா (ஸ்க்லீரா மெலிந்து புடைத்த கண்), குழிந்த கண்: இவற்றில் பயோமெட்ரி (கண் நீள அளவீடு) தாளைப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பது தவறு.

பின்னால் ரத்தம் கசிந்தால்: கண் முன்னே தள்ளும், இமை பலகை மாதிரி இறுகும், அழுத்தம் ஏறும். லேசானால் அழுத்திப் பிடித்துக் காத்திருக்கலாம். இறுகினால் வெளிமுனைக் கேந்தாட்டமியும் கேந்தாலிசிஸும் (இமையின் வெளிமூலையையும் அதன் நாணையும் வெட்டி அழுத்தத்தை விடுவிப்பது) அங்கேயே, அசிட்டசோலமைடு 500 மி.கி சிரை வழி. சிடி எடுக்க அனுப்பிக் காலம் கடத்தக் கூடாது.

ரெட்ரோபல்பார் (கோளத்துக்குப் பின்னால் ஊசி) பற்றிக் கேட்டால், ஒரே வரிதான். தசைக்கூம்புக்குள் போவதால் வேகம் கூடுதல், மேலே சொன்ன எல்லா ஆபத்தும் கூடுதல். பெரிபல்பாரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியிலோ அசைவின்மையிலோ பெரிய லாபம் காணவில்லை. அப்புறம் எதற்கு?

பேக்கோப்பித்தன்

ரத்தம் கட்டாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்புரைக்காக வார்ஃபரினையோ ஆஸ்பிரினையோ நிறுத்துவது, கண்ணைக் காப்பாற்றி மூளையைப் பணயம் வைப்பது. ஐஎன்ஆர் (வார்ஃபரின் எடுப்பவரின் ரத்தம் உறையும் அளவீடு) அவரவருக்கு வகுத்த எல்லைக்குள் இருந்தால் மருந்து தொடரட்டும். நாம்தான் முறையை மாற்ற வேண்டும்: சொட்டு, இல்லையென்றால் சப்-டெனான்.

சொட்டு வேண்டாதவர்கள்: காது கேளாதவர், மறதி நோயாளி, நிஸ்டாக்மஸ் (கண் தானாக ஆடுவது), தலை நடுக்கம், நாம் பேசும் மொழி புரியாதவர், கண் அழுத்தம் பார்க்கும் டோனோமீட்டர் வைக்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுப்பவர். கடைசி ஆள்தான் முக்கியம். வெளிநோயாளி அறையில் ஏ-ஸ்கேன் (கண் நீளம் அளக்கும் ஸ்கேன்) எடுக்கும்போது எப்படி ஒத்துழைத்தார் என்று பாருங்கள், மேசையிலும் அப்படியே இருப்பார்.

பயம் உள்ளவருக்குக் கொஞ்சம் மிடசோலம் கொடுத்தால் சொட்டிலேயே ஓட்டிவிடலாம்.

மெல்லூசி

1 மி.கி, சரி. அதற்கு மேல் போனால் முதியவர் போர்வைக்கடியில் தூங்கிவிடுவார். தூங்கியவர் குறட்டையோடு திடுக்கிட்டு விழிப்பது கேப்சுலோரெக்சிஸ் (முன் கேப்சூலை வட்டமாகக் கிழித்தெடுப்பது) நடுவில்தான் அமையும். போதாத மரப்பை மயக்கத்தால் ஈடுகட்டக் கூடாது, மரப்பைச் சரிசெய்யுங்கள். பிளாக் முறையில் பயப்படுபவருக்குக் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் போதும்.

தியேட்டர்_சிஸ்டர்

எந்த முறையானாலும் ஊசியோ கேனுலாவோ எடுக்கும் அந்த நொடியில் இன்னொருமுறை: பெயர், எந்தக் கண், நெற்றியில் குறி. போர்வை போட்டபிறகு அல்ல. தவறான கண்ணுக்கு பிளாக் போவது பெரும்பாலும் நோயாளியின் தலைமாட்டுக்கு வந்து நிற்கும்போது இடது-வலது மாறுவதால்.

மாறுகண்_மேசை

அறுவை முடிந்து எங்களிடம் வரும் புகாரைச் சொல்கிறேன்: இரட்டையாகத் தெரிகிறது. பூபிவக்கைன் சேர்ந்த பிளாக்கில் மறுநாள் வரை இருக்கலாம், அதற்குக் கட்டு போட்டால் போதும். வாரக்கணக்கில் நீடித்தால் தசைக்குள்ளேயே மருந்து போயிருக்கிறது என்று நினைக்க வேண்டும், கீழ் ரெக்டஸில் அதிகம். முதலில் அந்தத் தசை சோர்ந்து கண் மேலே நிற்கும். பிறகு தழும்பு சுருங்கிக் கண் கீழே இறங்கும். திசை தலைகீழாக மாறுவதுதான் இதன் கையெழுத்து. மாறி நிலைபெறும் வரை அறுவைத் திருத்தம் வேண்டாம், பிரிசம் கொடுத்துக் காத்திருங்கள்.

ஹையலூரோனிடேஸ் கிடைக்காமல் போகும் காலங்களில் இது கூடும். மருந்து பரவாமல் ஒரே இடத்தில் தேங்கித் தசையை ஊறவைக்கிறது.

பழையகை

அதற்கான அளவு: 1500 அலகு தூளை 30 மி.லி குப்பியில் கரைத்தால் மி.லிக்கு 50 அலகு. குலுக்காமல் உருட்டிக் கரையுங்கள். காலையில் கரைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பயிற்சி_பிஜி

கடைசிக் கேள்வி. சொட்டில் ஆரம்பித்து, நியூக்ளியஸ் பாதி உடைந்த நிலையில் நோயாளி தாங்கவில்லை என்றால்? அப்போது பெரிபல்பார் போடலாமா?

பேக்கோப்பித்தன்

திறந்த கண்ணில் கூர்ஊசி கூடாது. பின்னாலிருந்து அழுத்தம் ஏறினால் உள்ளிருப்பது வெளியே வரும், ஊசி பட்டு ரத்தம் கசிந்தால் கண்ணே போகலாம்.

முதலில் கையை நிறுத்துங்கள். நுண்ணோக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். பாதி நேரம் அவர் தாங்காதது வெளிச்சத்தை. முன்னறை கிணறாகியிருக்கிறதா பாருங்கள், ஆகியிருந்தால் ஐரிஸைத் தூக்கிவிடுங்கள். பின் கேப்சூல் முழுதாக இருந்தால் இன்னொரு 0.2 மி.லி இன்ட்ராகேமரல். கிழிந்திருந்தால் அதுவும் வேண்டாம், விழித்திரை வரை போய்ச் சில மணி நேரம் பார்வை தெரியாமல் போகலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் முன்னறையை விஸ்கோவால் நிரப்பி, கருவிகளை வெளியே எடுத்து, காயம் கசியவில்லை என்று பஞ்சுமுனையால் தொட்டுப் பார்த்துவிட்டு சப்-டெனான். 5 மி.லி அல்ல, 1 முதல் 1.5 மி.லி. 2 நிமிடம் கழித்துத் தொடருங்கள். கண் அசையும், ஆனால் வலிக்காது. கையில் வெஸ்ட்காட்டும் கேனுலாவும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது, எனவே சொட்டு என்று எழுதிய பட்டியலிலும் அந்த இரண்டும் தட்டில் திறக்கத் தயாராக இருக்கட்டும்.

தியேட்டர்_சிஸ்டர்

இருக்கும் டாக்டர். தனிப் பொதியாக, மேல் அடுக்கில், பிரிக்காமல்.